துணியா, டயப்பரா? வடசென்னையில் முதல் குழந்தைக்குத் தயாராகிறவர்களுக்கு

பிரசவத் தேதி நெருங்க நெருங்க வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். அம்மா பழைய வேட்டியைக் கிழித்து மடித்து அடுக்குவார். வீட்டுக்காரர் தள்ளுபடி பார்த்து ஆன்லைனில் டயப்பர் மூட்டை ஒன்றை ஆர்டர் போட்டிருப்பார். எதிர்வீட்டு அக்கா வந்து, "டயப்பர் போட்டா கால் வளைஞ்சுடும்மா" என்று குண்டைத் தூக்கிப் போடுவார். வளையாது. பிறந்த குழந்தைக்குக் கால் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும், வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்ததால். நடக்கத் தொடங்கிய பிறகு மெல்ல நேராகும்.

துணி கட்டினாலும் டயப்பர் போட்டாலும் குழந்தை நன்றாகத்தான் வளரும். அதனால் எதை வாங்குவது என்று வீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தண்ணீர் எப்படி வருகிறது, கொடி எங்கே கட்டப்போகிறோம், துவைக்கப்போவது யார். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தண்ணீர், கொடி, கை

மெட்ரோ வாட்டர் தினமும் வருகிறதா, ஒருநாள் விட்டு ஒருநாளா, லாரியா? பிறந்த குழந்தைக்கு நாளுக்குப் பத்து, பன்னிரண்டு துணி மாற்றுவது சர்வ சாதாரணம். அதை ஒரு முறை அலசி, ஒரு முறை சோப்புப் போட்டு, மறுபடி இரண்டு முறை அலச வேண்டும். குடத்தில் பிடித்து மாடிக்குத் தூக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய இடங்களில் போர் தண்ணீர் பல வீடுகளில் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது, காய்ந்த துணி அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். அந்தத் தண்ணீரில் துவைத்தாலும் கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு பக்கெட் மெட்ரோ வாட்டர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கொடி. மொட்டை மாடி உங்களுக்கு எப்போது கிடைக்கும் என்று இப்போதே கேட்டுவிடுங்கள். ஒண்டுக்குடித்தன வீடுகளில் மாடிக்கொடிக்கு எழுதாத சட்டம் ஒன்று இருக்கும். காலையில் யார், மதியம் யார், வத்தல் காயவைக்கும் நாளில் யார் என்று. ஹவுசிங் போர்டு வீடு என்றால் சன்னலுக்கு வெளியே நீட்டிய கம்பிதான் கதி. மணலி, எண்ணூர்ப் பக்கம் காற்றில் கரித்தூள் வரும் நாட்களில் வெள்ளைத்துணியில் கறுப்புப் புள்ளி விழும். அன்றைக்கு உள்ளேயே ஃபேனுக்குக் கீழே காயப்போடுங்கள்.

கைதான் முக்கியம். "துணிதான் நல்லது, செலவே இல்லை" என்று சொல்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: துவைப்பது யார்? பெரும்பாலும் பதில் ஒரு பெண்ணின் பெயராக இருக்கும், அதுவும் கேட்காமலே எழுதப்பட்ட பெயராக. தாய் வீட்டில் இருக்கும் மூன்று மாதமும் அம்மா துவைத்துப் போட்டுவிடுவார், பிரச்சினை தெரியாது. அப்புறம் மாமியார் வீட்டுக்கு வருவீர்கள், வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குப் போய்விடுவார், தையல் பிரித்த உடம்போடு நீங்கள் குனிந்து பக்கெட் முன்னால் உட்காருவீர்கள். சிசேரியன் என்றால் குறைந்தது ஆறு வாரம் கனமான பக்கெட்டைத் தொடவே கூடாது. எனவே பெயரையும் நேரத்தையும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்: ராத்திரித் துணியை அப்பா காலை ஆறு மணிக்கு அலசிப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார் என்பது போல. வீட்டில் யாரும் கை கொடுக்கவில்லை என்றால் டயப்பருக்குப் போவதில் ஒரு குற்ற உணர்ச்சியும் வேண்டாம்.

முதல் சில வாரங்கள் பகலில் துணியே கட்டுங்கள்

மூன்று கேள்விக்கும் ஓரளவு நல்ல பதில் இருந்தால் என் சிபாரிசு இது: பகலில் துணி, ராத்திரிக்கும் வெளியே போகும்போதும் டயப்பர். அதிலும் முதல் வாரங்களில் பகலில் துணி கட்டுவதற்கு, காசைத் தாண்டி ஒரு காரணம் இருக்கிறது. தாய்ப்பால் போதுகிறதா என்று அறிய, ஒன்றுக்குப் போகும் எண்ணிக்கையைத்தான் டாக்டர் முதலில் கேட்பார். முதல் வாரம் முடியும்போது நாளுக்கு ஆறு முறையாவது போக வேண்டும். துணியில் ஒவ்வொன்றும் தெரியும். டயப்பர் அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டு காய்ந்த மாதிரியே இருக்கும். முதல் இரண்டு மூன்று நாளில் துணியில் செங்கல் பொடி நிறத்தில் கறை பட்டால் பயப்படாதீர்கள், அது சிறுநீரில் இருக்கும் உப்புப் படிகம். அதற்குப் பிறகும் அந்தக் கறை வந்துகொண்டிருந்தால் பால் போதவில்லை என்ற அடையாளமாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

தொப்புள்கொடி காய்ந்து விழ ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். அதுவரை துணியோ டயப்பரோ, முன்பக்க விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடுங்கள். ஈரம் படக்கூடாது. கட்டும்போது இடுப்பில் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு இருக்கட்டும், கால்கள் தவளை போல மடங்கி விரிய வேண்டும். இரண்டு காலையும் நேராக நீட்டிச் சேர்த்துத் துணியால் இறுக்கிச் சுற்றும் பழக்கம் சில பாட்டிகளிடம் இன்னும் இருக்கிறது. "அதெல்லாம் கால் நேரா வரணும்னுதான்" என்பார்கள். அது இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். பாட்டியைக் கோபப்படுத்தாமல், "டாக்டர் வேணாம்னு சொல்லிட்டார் ஆயா" என்று டாக்டர் தலையில் போட்டுவிடுங்கள்.

துணி வாங்குவதும் எடுப்பதும்

பழைய பருத்தி வேட்டி, பலமுறை துவைத்த நூல் சேலை, இவற்றைவிட நல்ல நாப்பி கடையில் கிடையாது. போதவில்லை என்றால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு போங்கள். முடிச்சுக் கயிறு வைத்த முக்கோண நாப்பி டஜன் கணக்கில் கிடைக்கும். நிறைய வேண்டும், தைக்கவும் ஆள் இருக்கிறது என்றால் பாரிமுனை கோடவுன் தெருவில் மல் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டிக்கொள்ளலாம். வெயில் காலத்துக்கு இரண்டு டஜன் போதும், ஐப்பசி, கார்த்திகையில் பிரசவம் என்றால் மூன்று டஜனுக்குக் குறையாமல் வையுங்கள்.

துணியை வாங்கிவந்ததும் ஒரு சோதனை. மேசையில் விரித்து ஒரு ஸ்பூன் தண்ணீரை விடுங்கள். புதுத்துணியில் தண்ணீர் முத்துமுத்தாக நிற்கும், மெல்ல ஓரத்துக்கு ஓடும். கஞ்சி போகவில்லை என்று அர்த்தம். நாலைந்து முறை சுடுதண்ணீரில் துவைத்துக் காயவைத்துவிட்டு மறுபடி விடுங்கள். விழுந்த இடத்திலேயே தண்ணீர் குடித்துவிட்டால் தயார். பல மாதம் கழித்தும் இதே சோதனை உதவும். நன்றாக உறிஞ்சிக்கொண்டிருந்த துணி திடீரென்று ஒழுக ஆரம்பித்தால், வாசனை கண்டிஷனரோ, தேங்காய் எண்ணெயோ, ரேஷுக்குத் தடவிய கிரீமோ இழையில் படிந்திருக்கும். கண்டிஷனரை நிறுத்துங்கள், சோப்பையும் குறைத்து இரண்டு முறை வெந்நீரில் அலசுங்கள்.

பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பழைய துணிகளில் ஓர் ஆபத்தும் இருக்கிறது: பாச்சை உருண்டை. அதில் இருக்கும் நாப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கக்கூடும். உங்கள் குழந்தைக்கு அந்தக் குறை உண்டா என்று பார்த்தால் தெரியாது. அதனால் பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த எதையும், போர்வை உட்பட, நன்றாகத் துவைத்து இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டு, வாசனை துளியும் இல்லாத பிறகே குழந்தை பக்கம் கொண்டு வாருங்கள். குழந்தை இருக்கும் வீட்டு அலமாரியில் அந்த உருண்டையே வேண்டாம்.

இப்போது கடைகளில் பட்டன் வைத்த, உள்ளே பட்டை செருகும் துணி டயப்பர் வருகிறது. ஒன்றே சில நூறு ரூபாய். வெளித்துணி ஒழுகாது என்பது நிஜம்தான், ஆனால் உள்ளே வைக்கும் தடிமனான பட்டை நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் காயாது. பிறந்த குழந்தைக்கு அது பெரிதாகவும் இருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் வேண்டுமானால் இரண்டு வாங்கிப் பாருங்கள், மொத்தமாக அள்ளாதீர்கள்.

துவைக்கும் முறை

மூடி போட்ட பக்கெட் இரண்டு. ஒன்றில் ஒன்றுக்குப் போன துணி, இன்னொன்றில் இரண்டுக்குப் போன துணி. இரண்டாவதை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். எடுத்தவுடன் சுடுதண்ணீர் ஊற்றினால் கறை இழையில் பிடித்துக்கொள்ளும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் வரை மலம் தண்ணீரில் கரைந்துவிடும். ஆறு மாதத்தில் இட்லி, பருப்பு சாதம் ஆரம்பித்த பிறகு, முதலில் கழிப்பறையில் தட்டிவிட்டுத்தான் துணி பக்கெட்டுக்கு வர வேண்டும்.

பொதுக்குழாய் இருக்கும் வீடுகளில் ஒரு வார்த்தை. இரண்டுக்குப் போன துணியைக் குழாயடியில் நேராகப் பிழியாதீர்கள். பக்கத்திலேயே ஒருவர் அரிசி களைந்துகொண்டிருப்பார். கழிப்பறையிலேயே முதல் அலசலை முடித்துவிட்டு வந்தால் சுகாதாரத்துக்கும் நல்லது, அக்கம்பக்கத்து உறவுக்கும் நல்லது.

அப்புறம் சாதாரண சோப்புத் தூள் கொஞ்சமாகப் போட்டு, முடிந்தால் வெந்நீரில், கசக்கி, நுரை போகும் வரை அலசுங்கள். கடைசித் தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது துணியில் தங்கி மென்தோலை எரிக்கும், வேண்டாம். வெயிலே போதும். மஞ்சள் கறை கூட ஈரத்துணியை உச்சிவெயிலில் போட்டால் பெரும்பாலும் வெளுத்துவிடும். தவழும் வயது வந்ததும் தண்ணீர் நிறைந்த பக்கெட்டைத் திறந்து வைக்கக் கூடாது. நாலு விரல் தண்ணீர் கூட குழந்தைக்கு ஆபத்து.

விளக்கு வைத்த பிறகு குழந்தை துணி வெளியே கிடக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். காத்து கருப்பு கதை எப்படியோ, கடற்காற்றில் சாயங்காலத்துக்கு மேல் காய்ந்த துணியும் மறுபடி ஈரம் வாங்கிவிடுவது உண்மை. ஐந்து மணிக்குள் எடுத்துவிடுங்கள்.

அடைமழை நாட்களில் என்ன செய்வது? துணியை நன்றாகப் பிழிந்து, காய்ந்த டவலுக்குள் வைத்துச் சுருட்டி அழுத்துங்கள், பாதி ஈரம் டவலுக்குப் போய்விடும். பிறகு ஃபேன் காற்றில் போட்டு, அரைகுறையாகக் காய்ந்ததும் இஸ்திரி போடுங்கள். அதுவும் முடியாத மழை என்றால் அந்த வாரம் டயப்பர். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை போலத் தண்ணீர் தேங்கும் பகுதிகளில் இருப்பவர்கள் ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு பாக்கெட் உயரமான அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்தால் துவைக்கவும் முடியாது, கடைக்கும் போக முடியாது.

டயப்பர் வாங்கும்போது

வயது பார்க்காதீர்கள், எடை பாருங்கள். எடை பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். பிறந்த குழந்தை அளவு ஐந்து கிலோ வரை, அடுத்தது சுமார் நாலிலிருந்து எட்டு கிலோ வரை. தொடையில் ரப்பர் தடம் ஆழமாகப் பதிந்தால் அளவு மாற்றும் நேரம். முதல் மாதங்களுக்கு ஒட்டும் பட்டை வைத்த வகை வசதி, தூங்கும் குழந்தையைத் தூக்காமல் மாற்றலாம். உருளத் தொடங்கியதும் ஜட்டி வகைக்கு மாறுங்கள்.

உள்ளே இருப்பது மரக்கூழும், ஈரம் பட்டால் ஊதி ஜெல்லாகும் ஒரு வகைப் பாலிமர் தூளும். சில நேரம் ஜவ்வரிசி போல தோலில் ஒட்டியிருக்கும். விஷம் இல்லை, துடைத்துவிட்டு அந்த டயப்பரை மாற்றுங்கள். பகலில் மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். இரண்டுக்குப் போனால் உடனே. ராத்திரியில் வெறும் ஒன்றுக்குத்தான், கசியவில்லை, தோலும் சிவக்கவில்லை என்றால் தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டாம். ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு ஷேர் ஆட்டோவிலோ மெட்ரோவிலோ போகும்போது கட்டாயம் டயப்பர் போடுங்கள், மாற்றுக்கு இரண்டு, நியூஸ் பேப்பர் இரண்டு தாள் பையில் இருக்கட்டும்.

காசுக் கணக்கு எளிது. ஒன்று பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஆறு போட்டால் மாதம் 1,800 ரூபாய். ராத்திரிக்கு ஒன்று, வெளியே போக ஒன்று என்றால் 600. குழந்தைகளுக்கான டயப்பருக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. தள்ளுபடி என்று மூட்டையாக வாங்காதீர்கள். குழந்தை இரண்டு கிலோ ஏற எத்தனை வாரம் எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

தோல் சிவந்தால்

ஈரமும் உரசலும் சேர்ந்தால் தோல் சிவக்கும், மலம் சேர்ந்தால் இன்னும் மோசமாகும். துணிக்கும் வரும், டயப்பருக்கும் வரும், மாற்றாமல் விட்டதால் வருவதுதான் அதிகம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, நாளுக்குச் சில முறை பத்து இருபது நிமிஷம் ஒன்றும் கட்டாமல் விடுங்கள். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். துத்தநாக ஆக்ஸைடு கிரீம் தடவலாம். பவுடர் வேண்டவே வேண்டாம், அது மூச்சில் ஏறும். மடிப்புகளுக்குள் அடர்சிவப்பாக, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளியோடு வந்தால் அது பூஞ்சை, இந்த கிரீமுக்கு அடங்காது. இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலும், கொப்புளமோ காய்ச்சலோ வந்தாலும் குழந்தை டாக்டரிடம் போங்கள்.

தூக்கிப் போடுவது

பயன்படுத்திய டயப்பரில் இருக்கும் மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிடுங்கள். டயப்பரை உருட்டி, அதன் பட்டையாலேயே ஒட்டி, நியூஸ் பேப்பரில் சுற்றுங்கள். சுற்றிக் கட்டித்தான் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. மேலே சிவப்புப் பேனாவில் ஒரு புள்ளி வைத்து, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுத்தால், வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் அதைக் கையால் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் ஊதிப்போய் குழாய் அடைக்கும். ஓட்டேரி நல்லாவிலோ கேப்டன் காட்டன் கால்வாயிலோ எறிந்தால் மழையில் அந்தத் தண்ணீர் உங்கள் தெருவுக்கே திரும்பி வரும். ஒழுங்காகக் கொடுத்தாலும் வடசென்னைக் குப்பை போய்ச்சேரும் இடம் கொடுங்கையூர்தான். அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அதன் புகையையும் நாற்றத்தையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சுற்றுச்சூழல் கணக்கில் துணி எப்போதும் ஜெயிக்கும் என்றும் இல்லை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் அமைப்பு 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வருஷத்துக்கு டயப்பரின் கார்பன் கணக்கு (பூமியைச் சூடாக்கும் வாயுவின் அளவு) சுமார் 550 கிலோ, துணியினுடையது சுமார் 570 கிலோ என்று வந்தது. அங்கே சூடான தண்ணீரில் மெஷினில் துவைப்பதும், டிரையரில் காயவைப்பதும் சேர்ந்த கணக்கு அது. கொடியில் காயவைத்து, மெஷினை நிரப்பி ஓட்டி, அடுத்த குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் சுமார் 200 கிலோ குறையும் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அந்த மூன்றும் நம் வீடுகளில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நடப்பவை.

கழுத்து நன்றாக நின்றதும், பால் குடித்து எழுந்தவுடன் குழந்தையைக் காலில் உட்காரவைத்து "ஸ்ஸ்ஸ்" என்று குரல் கொடுத்துப் பாருங்கள். நம் ஆயாக்கள் செய்வதுதான். வந்தால் ஒரு துணி மிச்சம், வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். அளவு சிறுத்துப்போன டயப்பர் பாக்கெட் பிரிக்காமல் கிடந்தால், பில்லோடு அதே கடைக்குப் போய்க் கேளுங்கள். தெருமுனை மெடிக்கல்காரர்கள் பலர் பெரிய அளவுக்கு மாற்றித் தருவார்கள்.